காரிடார்ல தேன்சிட்டு கூடு

எங்க ப்ளாக் காரிடார்ல இருக்குற காகிதப்பூ செடியில தேன்சிட்டு கூடு கட்டிருக்கு மக்களே, அவ்ளோ சந்தோஷம்! கட்டுனது பொண்ணுதான், காஞ்ச புல்லு, நாரு, பஞ்சு எல்லாத்தையும் சிலந்தி நூல வச்சு இழுத்துக் கட்டி பை மாதிரி தொங்க விட்டுருக்கு, பக்கவாட்டுல ஒரு வாசல், மழைத்தண்ணி உள்ள போகாம வாசலுக்கு மேல சின்னதா கூரை வேற, இதெல்லாம் அதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா.

பொதுவா ரெண்டு முட்டை, 11 நாள் போல அடை. கழுத்து நீலமா மின்னுற ஆணு அடைகாக்காது, ஆனா குஞ்சு பொரிச்சதும் ரெண்டும் மாறி மாறி ஊட்டும். பெருசுங்க தேன் குடிச்சாலும் குஞ்சுக்கு பூச்சி, சிலந்திதான் கொண்டாந்து குடுக்கும், வளர சத்து வேணுமில்ல.

பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் ஆன்ட்டி) யாரும் கேக்காமலே சைக்கிள தள்ளி வச்சுட்டாங்க, ரொம்ப நல்ல மனசு. உங்க வீட்டுலயும் கட்டுச்சுன்னா தயவுசெஞ்சு செடிய நகத்தாதீங்க, கிளைய வெட்டாதீங்க, ஃப்ளாஷ் போட்டு கிட்டக்க போயி போட்டோ எடுக்காதீங்க, குஞ்சு பொரிச்சா ரெண்டே வாரத்துல பறந்துடும். சில ப்ளாக்ல சின்னான் குருவியும் (புல்புல்) பூந்தொட்டியில கட்டுமாம், உங்க பக்கம் எது கட்டிருக்கு சொல்லுங்க, கேக்க ஆசையா இருக்கு.