ஏசியா, டிசியா?

"அண்ணே, ஏசி, டிசி ரெண்டுல எது மோசம்?"

மொட்டை மாடியில் சோலார் பேனலுக்கு போல்ட் முறுக்கிக்கொண்டே அந்தத் தம்பி கேட்டான். "ஏசிதான்" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவன் கையுறை கருகியது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

பதில் தப்பில்லை. வீட்டுக்கு வரும் கரன்ட் ஏசி, திசை மாறி மாறி ஓடும். பேனல் தருவது டிசி, ஒரே திசையில் ஓடும். 50 ஹெர்ட்ஸ் ஏசி சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே கையை இறுக்கிவிடும். பிடித்ததை விட முடியாது. டிசி அப்படி இறுக்காது. தொடும்போதும் விடும்போதும்தான் வெட்டி இழுக்கும். ஒரு இதயத்துடிப்பைவிட நீண்ட நேரம் பாய்ந்தால், இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைக்க ஏசியைப்போல் ஏறக்குறைய 3.75 மடங்கு டிசி வேண்டும். அவன் கேட்டதற்கு இதுதான் பதில்.

ஆனால் அவன் நின்ற இடம் வேறு. அங்கே தொடராகக் கோத்திருந்தவை பத்து பேனல்கள். ஒவ்வொன்றும் சுமையில்லாமல் 49 வோல்ட், மொத்தம் 490. உடம்பின் தடை 1000 ஓம் என்று வைத்தாலும் அரை ஆம்பியர் வருகிறது. அதற்கு முன்னால் அந்த 3.75 மடங்கை வைத்து என்ன செய்வது? ஒரு வெட்டு இழுத்தாலே போதும், கைப்பிடிச்சுவர் இல்லாத மாடி அது.

அதைவிடப் பெரிய சங்கதி தீப்பொறி. ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். பொறி அணைய அங்கே இடமிருக்கிறது. டிசியில் அந்த இடமே கிடையாது. பேனலின் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் ஓடும்போது, பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிரித்தால், இடைவெளியில் தீ நின்று எரியும். அவன் பிரித்தது அப்படித்தான். கனெக்டருக்குள் இருக்கும் உலோகப் பின்னின் நுனியில் செம்பு உருகி மணியாகத் திரண்டிருந்தது. ஃபியூஸ் இதற்கெல்லாம் போகாது. பேனலை ஷார்ட் செய்தாலே வழக்கமான கரன்ட்டைவிடக் கொஞ்சம்தான் கூடும்.

முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கர், அடுத்து பேனல் பக்கத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டர், அப்புறம் ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் கனெக்டரில் கை வைக்க வேண்டும். மீட்டர் டிசி அளப்பதாக இருக்க வேண்டும். வெறும் ஏசி கிளாம்ப், 10 ஆம்பியர் டிசி ஓடினாலும் பூஜ்யம்தான் காட்டும். நியான் டெஸ்டரையும் நம்பக் கூடாது. எர்த்தோடு சேராத ஸ்ட்ரிங்கில், அதாவது தொடராகக் கோத்த பேனல் வரிசையில், அது எரியாமலே இருக்கலாம். ஐசொலேட்டரை அணைத்த பிறகும், வெயில் இருக்கும்வரை பேனல் பக்கத்து ஒயரில் முழு வோல்டேஜும் நிற்கும்.

இதெல்லாம் அன்று காலையிலேயே அவனுக்குச் சொன்னதுதான். அப்படியானால் என் பதிலுக்கும் கருகிய கையுறைக்கும் சம்பந்தமில்லை. இல்லை, "ஏசிதான்" என்றது "டிசி பரவாயில்லை" என்று அவன் காதில் விழுந்ததா?

ரெண்டும் ஒரே மாதிரிதான் என்று சொல்லியிருந்தால் நிதானித்திருப்பானோ என்னவோ. ஆனால் அது பொய். இன்வெர்ட்டருக்குக் கீழே 230 வோல்ட் ஏசி பெட்டி மூடி கழற்றியபடி இருந்தது. அன்று சாயங்காலம் அதிலும் அவன்தான் ஒயர் சொருக வேண்டியிருந்தது.