உம்கேனிக் கரையில் மழைநீர்க் கணக்கு: மூன்றாவது வாரம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மழைநீர் எந்த வழியாக ஓடும் என்று கணினியில் கணக்கிட்டு வருகிறேன். அதில் பால்மீட் ஓடை இந்த வாரம்தான் சரியான இடத்தில் உம்கேனி ஆற்றில் வந்து சேர்ந்தது. இரண்டு வாரமாக என் கணினியில் அது நெடுஞ்சாலையில் முட்டி, பக்கவாட்டில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

காரணம் உயர வரைபடம். நான் எடுத்தது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் வைத்து அளந்த எஸ்ஆர்டிஎம். நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் சொல்லும் அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். பால்மீட் மாதிரி ஒடுங்கிய ஓடைக்கு அது ரொம்பப் பெரிது. மரம் அடர்ந்த பள்ளத்தாக்கில் ரேடார் மரத்தின் உச்சியைத் தொட்டுவிட்டு அதையே தரை என்று சொல்லிவிடுகிறது. பாலமும் அதற்கு வெறும் மேடுதான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பள்ளங்களை நிரப்பச் சொன்னால் பாலத்துக்குப் பின்னால் ஏரியே வந்துவிடும். அதனால் ஓடை போகும் வழியைக் கையால் வரைந்து, அந்தக் கட்டங்களை மட்டும் 5 மீட்டர் தாழ்த்தினேன். அப்புறம் சிக்கல் இல்லை. ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டில் சரிவு அதிகமான பக்கம் நீரைத் தள்ளிவிடும்.

அடுத்து மழை. 400 பேருக்கு மேல் பலிகொண்ட 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. நிலத்துக்கு ஓர் எண் கொடுத்து, பெய்த மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்று கணக்கிடுவது கர்வ் நம்பர் முறை. அதில் புல்லும் மரமும் உள்ள நிலத்துக்கு 60, வீடும் தார்ச்சாலையும் மூடிய இடத்துக்கு 90 என்று வைத்தேன். 100 மி.மீ. மழை பெய்தால் முதலாவதில் 19 மி.மீ. வழிந்தோடுகிறது, இரண்டாவதில் 73. கிட்டத்தட்ட நாலு மடங்கு. 300 மி.மீ.க்கோ 163, 269. இரண்டு மடங்குகூட இல்லை. வயிறு நிறைந்த மண்ணும் சிமெண்டுத் தரையைப் போலத்தான் நீரை விட்டுவிடுகிறது. இந்த எண்களைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

படத்தை அச்செடுத்து அத்தையிடம் காட்டினேன். ஆற்றங்கரைக் குடியிருப்பான டின் டவுனில் வளர்ந்தவர். 1976 வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸுக்கு மாற்றப்பட்ட குடும்பம்.

"ஆத்துப் பக்கமிருந்து வரலடா கண்ணு. பின்னாடி கால்வாய்லதான் மொதல்ல ஏறிச்சு. கீரைப் பாத்தி முங்கினப்புறம்தான் ஆறு வந்தது."

என் கணக்கில் நீருக்கு இறங்க மட்டும்தான் தெரியும். ஆறு நிரம்பி நின்றால் கால்வாய் நீர் வெளியேற வழியில்லாமல் எதிர்த்து ஏறும். அத்தை பார்த்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு நீர்மட்டமும் நேரமும் சேர்த்துப் பார்க்கும் ஹெக்-ராஸ் என்ற மென்பொருள் வேண்டும், இறக்கி வைத்துவிட்டேன். உம்கேனி முழுவதையும் தொடப்போவதில்லை. மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நாகில், இனாண்டா என நாலு அணைகள் குறுக்கே நிற்கின்றன. மதகு திறந்த விவரம் இல்லாமல் போடும் கணக்கு நிற்காது. ஓடை சேருமிடத்திலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு சமவெளி வரை போதும். 1917 அக்டோபர் வெள்ளத்தில் படவேட்டான் அறுவர் என்று அழைக்கப்படும் ஆறு மீனவர்கள் படகில் போய் 176 பேரை மீட்டதும் அங்கேதான்.

கீரைப் பாத்தி இருந்த இடத்தை அத்தை பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆறு கரை தாண்டுவதற்கு முன்பே அந்த வட்டத்தில் நீர் ஏறுகிறதா என்பதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.