மைனஸ் 5 வோல்ட்

கிருஷ்ணகிரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்தால் எல்லா ஊர் வண்டியும் வாசலுக்கு வரும். சென்னை – பெங்களூரு சாலையும் பெங்களூரு – சேலம் சாலையும் இங்கேதான் சந்திக்கின்றன. எல்லா மாடலுக்கும் ஒயரிங் படம் கையில் இருக்காது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மில் ஒயர்கள் செருகும் கப்ளரில் எந்த பின் (pin) எதற்கு என்று மீட்டரை வைத்து நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

மாம்பழ சீசனில் எலி கடித்த வண்டிகள் அதிகம். அப்படி வந்ததுதான் காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவரின் பெட்ரோல் கார். ஏற்கெனவே வேறொரு கடையில் கடிபட்ட ஒயர்களை ஒட்டியிருந்தார்கள். ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை. "ஈசிஎம் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க தம்பி" என்றார். ஸ்கேனரைப் போட்டால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், த்ராட்டில், ஏசி பிரஷர் என்று வரிசையாகக் கோளாறு கோடு (code) வந்தது.

இத்தனை சென்சாரும் சேர்ந்தாற்போல் சாகுமா? சாகாது. இவற்றுக்கெல்லாம் ஈசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட் லைனை மூன்று நான்கு சென்சார்கள் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்று அந்த லைனை எர்த்துக்கு இழுத்தால் மற்றவையும் படுத்துவிடும். சாவி போட்டு அளந்தேன், ஒரு வோல்ட்கூட இல்லை. ஒவ்வொரு சென்சாராகக் கப்ளரைக் கழற்றச் சொன்னேன். கடைப் பையன் மேப் சென்சாரைக் கழற்றியதும் மீட்டர் சட்டென்று 5-க்கு ஏறியது.

"சென்சார் ஷார்ட்டுணா" என்றான். இருக்கலாம். ஆனால் புதுசைப் போடுவதற்கு முன் அந்தக் கப்ளரையே அளந்தேன். அந்த சென்சாரின் பின் வரிசை எனக்குத் தெரியும். 5 வோல்ட் வரவேண்டிய பின்னில் சிவப்பு முனை, எர்த் பின்னில் கறுப்பு முனை. மீட்டர் காட்டியது மைனஸ் 5. லைனும் எர்த்தும் இடம் மாறியிருந்தன.

ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய ஹார்னஸில் டேப்பைப் பிரித்தோம். உள்ளே வெளிறிப்போன இரண்டு பச்சை ஒயர்கள். ஒன்றில் மெல்லிய கோடு உண்டு, ஆனால் கோடு இருந்த தோலை எலி தின்றுவிட்டது. ஒட்டியவர் பச்சைக்குப் பச்சை என்று முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஈயமும் இல்லை, சூட்டில் சுருங்கும் ஸ்லீவும் இல்லை.

நிறத்தை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஈசிஎம் கப்ளரை மாட்டியபடியே சாவி போட்டு, ஒயர் நுழையும் பின்பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு அளப்பேன். சாவி இல்லாமலே 12 வோல்ட் இருந்தால் பேட்டரி லைன். சாவி போட்டதும் வந்தால் இக்னிஷன். 5 வந்தால் சென்சார் லைன். அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றி, கப்ளரையும் கழற்றி, சென்சார் முனையிலிருந்து இந்த முனைக்கு ஒயர் தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரில் பீப் பார்ப்பது. முறுக்கிய ஜோடி ஒயர் கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் (CAN) லைன். இரண்டுக்கும் நடுவே 60 ஓம் காட்ட வேண்டும். ஈசிஎம்மைக் கழற்றினால் நிறைய வண்டிகளில் அது 120 ஆகும், ஏனென்றால் அதன் இரண்டு 120 ஓம் ரெசிஸ்டர்களில் ஒன்று ஈசிஎம்முக்குள்ளேயே இருக்கிறது. பின் நம்பர் கப்ளரின் மூலையில் எறும்பு அளவில் அச்சாகியிருக்கும். மொபைல் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடியும். ஒயரிங் படத்தை வைத்துப் பார்ப்பவர்கள் அது பின் (pin) தெரியும் பக்கமா ஒயர் நுழையும் பக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் வலமாகிவிடும்.

ஒன்றில் மட்டும் நான் கறார். மீட்டர் முனையைக் கப்ளரின் முன்பக்கத் துளையில் குத்தக் கூடாது. உள்ளே இருக்கும் டெர்மினல் விரிந்துவிடும். கடையில் நிற்கும்போது வண்டி நன்றாகவே ஓடும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அதிர்வில் தொடர்பு விட்டு எஞ்சின் நின்றால், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். லாரிகளுக்கு நடுவே அந்த நிலைமையை யாருக்கும் கொடுக்க எனக்கு மனசு வராது.

மேப் கப்ளரில் இரண்டு பின்னை மட்டும் கழற்றி இடம் மாற்றினால் வேலை முடிந்துவிடும் என்று பையன் சொன்னான். முடியும்தான். ஆனால் ஒட்டு தப்பாகவே இருக்கும், அடுத்து கை வைப்பவர் நிறத்தைப் பார்த்து மறுபடி குழம்புவார். ஒட்டையே வெட்டி, இரண்டு ஒட்டும் பக்கத்தில் பக்கத்தில் வராமல் தள்ளித் தள்ளி ஈயம் வைத்து, ஸ்லீவ் சுருக்கினோம். சென்சார் தலைகீழ் மின்சாரத்தில் போயிருந்தது, அதை மட்டும் புதிதாகப் போட்டோம். ஐடிலில் அதன் சிக்னல் 1 வோல்ட்டுக்கும் 1.5 வோல்ட்டுக்கும் நடுவே நின்றது. மிதித்தால் ஏறியது.

"ரெண்டு ஒயருக்கா தம்பி இவ்வளவு நேரம்?" என்றார் தோப்புக்காரர். பையன் சிரித்துவிட்டான். பில்லைக் கொடுத்துவிட்டு, ஷெட்டில் மாங்காய்க் கூடைப் பக்கம் வண்டியை நிறுத்தாதீங்க என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.