சீட்டு வாங்காமல் படி இறங்காதீர்கள்

பிரிந்த பிறகும் பின்தொடர்கிற கணவன், வேண்டாமென்ற பிறகும் விடாத பழைய காதலன். இப்படிப்பட்டவர்கள் மேல் புகார் கொடுக்கும் பெண்களுக்குத் துணையாகக் காவல் நிலையமும் நீதிமன்றமும் போய்வரும்போது நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: நடந்தது உண்மையாகவே இருக்கும், அதைச் சொல்லும் காகிதம் மட்டும் இருக்காது.

அதனால் முதல் வேலை ஒரு நோட்டு. தேதி, நேரம், இடம், என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். "தினமும் தொல்லை தருகிறார்" என்ற புகாரை ஓரமாக வைத்துவிடுவது சுலபம். "மாலை 6.10, பேருந்து நிறுத்தம், இந்த எண்ணுள்ள பைக்கில் வந்து வழி மறித்தார், பெட்டிக்கடைக்காரர் பார்த்தார்" என்பதை அப்படி வைத்துவிட முடியாது. அவர் ஒரே வீட்டில் இருந்தால் நோட்டைத் தோழியிடமோ வேலை பார்க்கும் இடத்திலோ வையுங்கள்.

பின்தொடர்தலுக்கு இப்போதுள்ள பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78. விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்வதையே அது குற்றம் என்கிறது. நீங்கள் இணையத்தில் செய்வதைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். ஆகவே ஒரே ஒருமுறை எழுதி அனுப்புங்கள்: "இனி என்னைத் தொடர்பு கொள்ள வேண்டாம்." அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம், திட்டுவதற்காகக்கூட. நாற்பதாவது அழைப்பை நீங்கள் எடுத்துவிட்டால், நாற்பது முறை அழைத்தால் எடுப்பாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தச் செய்தியே அவரை வெறியேற்றும் என்று தோன்றினால் அனுப்பாதீர்கள், முதலில் பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்துப் பேசுங்கள். உங்கள் ஆளை உங்களைவிட யாருக்கும் தெரியாது.

போனில் அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். பிளாக் செய்யும் முன் உரையாடலை ஏற்றுமதி செய்து, எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவருக்குத் தெரியாத புது மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். பதிவு இருக்கும் போனையே பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும், புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழைக் கேட்பார்கள். நீங்கள் போகுமிடமெல்லாம் அவர் வந்து நின்றால், வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களையும் கூகுள் கணக்கில் திறந்திருக்கும் சாதனங்களையும் பாருங்கள். கடவுச்சொல்லை வேறொருவர் போனிலிருந்து மாற்றுங்கள். கண்காணிப்பு திடீரென அறுந்தால் அவர் நேரில் வரக்கூடும், அன்றிரவு தனியாக இருக்காதீர்கள்.

கழுத்தை நெரித்திருந்தால் வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம். தடயம் வெளியே தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் மாறுவது, விழுங்கும்போது வலிப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். கழுத்தில் கை வைத்தவர் பின்னாளில் கொலைவரை போகும் அபாயம் பல மடங்கு அதிகம். அரசு மருத்துவமனையில் "விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். யார், எப்படி என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பிதான் பிற்பாடு உங்களுக்காகப் பேசும்.

மகளிர் காவல் நிலையத்தில் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஏம்மா, பேசித் தீத்துக்கக் கூடாதா?" என்றுதான். பேச உட்கார்ந்தாலும் சமரசக் கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுல காட்டிட்டு வர்றேன் மேடம்" என்று சொல்லி எழுந்துவிடலாம். புகாரை இரண்டு பிரதி கொண்டுபோய் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள். ஆனால் சி.எஸ்.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். "எங்க லிமிட் இல்ல" என்றால், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதியக்கூடிய ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்குமேல் நடுவர் நீதிமன்றம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டாலும் அவர் ஜாமீனில் வந்துவிடக்கூடும். புகார் கொடுக்கும் நாளும் வீட்டை விட்டுக் கிளம்பும் நாளும்தான் ஆபத்து மிகுந்தவை. எங்கே தங்குவது என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம்.

கணவனோ சேர்ந்து வாழ்ந்தவரோ என்றால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமே எங்கள் பார்வையில் கைகொடுக்கும் வழி. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவார், உங்கள் நோட்டு அங்கேதான் முழுசாகப் பயன்படும். அவர் உங்களை நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை கேட்டு, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் இலவச சட்ட உதவிக்கான எண் 15100, பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மனு கொடுத்து 3 நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிவு என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் 23-ஆம் பிரிவின்படி இடைக்கால ஆணை கேட்கும் மனுவையும் அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் முதல் நாளே சேர்த்துக் கொடுங்கள். இதை விட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைகிறவர்கள் நிறையப் பேர். மனுவில் மறைவிட முகவரியை அப்படியே எழுதிவிடாதீர்கள். அதன் நகல் அவர் கைக்குப் போகும். வேறு எந்த முகவரி தரலாம் என்று வழக்கறிஞரிடம் முன்பே கேளுங்கள்.

பாதுகாப்பு ஆணை வந்ததும் நகல் கேளுங்கள், அது இலவசம். ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும், ஒன்றை நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். மீறினால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுநாளே அவர் தெருமுனையில் வந்து நின்றால் அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள். அந்த நேரத்தையும் நோட்டில் ஏற்றுங்கள்.