பூம்பாறை வேலப்பரும் ஒரு நல்ல அரக்கியும்

கொடைக்கானல் கதையை யாரிடம் கேட்டாலும் 1845-இல்தான் ஆரம்பிப்பார்கள். மதுரை வெயிலும் காய்ச்சலும் தாங்காத அமெரிக்கப் பாதிரிமார் மலையேறி வந்து பங்களா கட்டினார்கள். அப்புறம் ஏரி வந்தது, ரோடு வந்தது, சீசன் வந்தது. வத்தலக்குண்டில் பிறந்து வளர்ந்த நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன், அதற்கு முன்னால் மேலே வெறும் காடும் காட்டெருமையும்தான் என்கிற மாதிரி. பூம்பாறைக்குப் போய்வந்த பிறகு அந்தக் கதையை யாராவது சொன்னால் எனக்குச் சட்டென்று கோபம் வந்துவிடுகிறது.

மன்னவனூர் ஆட்டுப்பண்ணையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. போகிற வழியில் வேலப்பரைப் பார்க்க வேண்டும் என்பது அத்தையின் வேண்டுதல். எது நடந்திருக்கும் என்று மருமகள்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலப்பர் இருக்கும் பூம்பாறை கொடைக்கானலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஒரு வளைவில் திரும்பியதும் கீழே ஊர் முழுசாகத் தெரிகிறது. நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு வீடுகள், சுற்றிலும் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும். ஆறாயிரம் அடிக்கு மேலே இப்படிச் சரிவைப் படி படியாக வெட்டி விவசாயம் செய்ய எத்தனை தலைமுறை உழைப்பு போயிருக்கும்!

குழந்தை வேலப்பர் கோயில் சின்னதுதான். பழனி தேவஸ்தானத்தின் உபகோயில். குருக்கள் குரங்குக் குல்லாயைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தீபாராதனை காட்டினார். பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம் மட்டும் தெரிந்தது. தட்டில் இருந்த திருநீறு சில்லென்று இருந்தது, நெற்றியில் இட்டதும் அத்தைக்கு உடம்பே ஒரு முறை சிலிர்த்தது. பழனி முருகனைப் போலவே இவரும் போகர் நவபாஷாணத்தில் செய்த சிலை என்று சொல்கிறார்கள். கோயில் சேர மன்னர் காலத்தது என்பதும் ஊர்ப் பேச்சு. சித்தர் கதையை எடைபோட நான் யார்? எனக்குப் பிடித்தது அடுத்த கதை.

அதைச் சொன்னது வெளியே வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி. அருணகிரிநாதர் இங்கே வந்தவர் களைத்துப்போய்க் கோயிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அவரைக் கொல்ல ஒரு அரக்கி வந்தாள். முருகன் குழந்தையாக வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இருட்டில் காவித் துணியையும் குழந்தையையும் பார்த்த அரக்கி, "யாரோ தாயும் பிள்ளையும்" என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டாள். அதனால்தான் குழந்தை வேலப்பர்.

"அவளும் ஒரு பொம்பளதானம்மா" என்றார் பாட்டி, பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நம் ஊர்க் கதைகளில் அரக்கி என்று வந்தால் மூக்கோ உயிரோ போகும். இங்கே சண்டையே இல்லை. வேலாயுதத்தை எடுக்காத முருகன், மனசு இரங்கிய அரக்கி. அவளுக்கும் ஒரு மாடம் வைத்து விளக்கேற்றலாம் என்று அத்தையிடம் சொன்னேன். "சும்மா வா" என்றுவிட்டார்.

கதை கிடக்கட்டும், கணக்குக்கு வருகிறேன். திருப்புகழில் பூம்பாறைக்கும் பாட்டு உண்டு. அருணகிரிநாதர் தம் பாடலில் பிரபுடதேவ மாராஜன் என்று ஒரு மன்னரைக் குறிப்பிடுகிறார். விஜயநகரத்தின் இரண்டாம் தேவராயர் அவர் என்பது பொதுவான கருத்து. அவர் ஆட்சி 1446-இல் முடிகிறது. ஆக, பாதிரிமார் பங்களா கட்டியதற்குச் சுமார் நானூறு வருடம் முன்பே இந்த மலைமேல் முருகன் பாட்டு வாங்கியிருக்கிறார். பாடப்பட்ட தெய்வம் இருந்தால் கும்பிட ஊரும், ஊருக்குச் சோறு போட வயலும் இருந்திருக்கும்தானே? 1821-இல் வார்டு என்ற ஆங்கிலேய அதிகாரி பழனி மலையை அளக்க வந்தபோதும் இங்கே கிராமங்கள் இருந்தன. இன்னும் பின்னால் போனால் பெருமாள்மலை, தாண்டிக்குடிப் பக்கமெல்லாம் பெருங்கற்காலக் கல்திட்டைகள், பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய ஈமச் சின்னங்கள். அவற்றைப் பற்றி 1928-லேயே ஆங்லேட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் சேர்ந்து எழுதிய ஆய்வைத் தொல்லியல் துறை வெளியிட்டிருக்கிறது. பாதிரியார்களிலும் பழசைத் தேடிப் பார்த்தவர்கள் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் டவுனில் எல்லா வேனும் நிற்கும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலோ 1936-இல் கட்டியது. இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி, ஆஸ்திரேலியாவில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார் எழுப்பியது. நல்ல கோயில்தான், அங்கிருந்து தெரியும் பழனியும் அழகுதான். ஆனால் மலைமேல் பழைய முருகன் யார் என்று கேட்டால், வேனை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்லுங்கள்.

அத்தையின் ஆராய்ச்சி வேறு திசையில் போயிருந்தது. பாட்டியிடம் சிங்கப்பூர்ப் பூண்டா, மேட்டுப்பாளையம் பூண்டா என்று விசாரித்து, ஒரு பல்லை நசுக்கி மோந்து பார்த்து, விலையில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 2019-இல் இந்த மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதைச் சொன்னால் பாட்டி விலையை ஏற்றிவிடுவாரோ என்று நான் வாயைத் திறக்கவில்லை.

தை மாதம் நடக்கும் தேரோட்டத்துக்கு வரச் சொன்னார் பாட்டி. இங்கே தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். சரிவான தெரு என்பதால் முன்னால் இருப்பவர்கள் இழுக்க, பின்னால் இருப்பவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும், அவர்கள்தான் பிரேக். எந்தப் பக்கம் ஆள் குறைவாக இருக்குமோ அங்கே நின்றுகொள்ளலாம் என்றார். அத்தை பின்வடம் என்று இப்போதே முடிவு செய்துவிட்டார். நான் ஆட்டுப்பண்ணைக்குப் போவது அடுத்த நாளாம்.