காவிரி மணலும் மலையின் பிறப்பும்: ஆடி மாதக் குறிப்புகள்

ஆடி 9

கும்பகோணத்திலிருந்து பூம்புகார் வரை போனாலும் கண்ணில் படும் உயரம் கோயில் கோபுரம்தான். ஆனால் மலை எழுவதைக் காட்டத் தேவையான பொருள் நம் காலடியிலேயே கிடக்கிறது. இரண்டடி நீளக் கண்ணாடி மீன் தொட்டி ஒன்று. அதன் அகலத்துக்குச் சரியாக அறுத்த பலகையை ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். வெயிலில் காய்ந்த ஆற்று மணலைச் சலித்து ஒரு செ.மீ. கனத்துக்குப் பரப்பி, கண்ணாடி ஓரமாகக் கோலமாவுக் கோடு ஒன்று. அதன்மேல் அடுத்த மணல். இப்படி ஐந்து அடுக்கு.

இனி பலகையை மெல்லத் தள்ளுங்கள். வெள்ளைக் கோடுகள் சாய்வாக அறுபட்டு, ஒரு துண்டு இன்னொன்றின் மேல் ஏறும். இன்னும் தள்ளினால் அதற்கு முன்னால் புதிதாக ஒரு பிளவு விழும். இமயமலையில் இப்படி மூன்று பெரும் பிளவுகள் உண்டு. தெற்கே வர வர வயது குறைவு. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமந்து மெல்ல நகரும் பாறைப் பலகை) ஆசியாவோடு முட்டியது. இடையிலிருந்த கடலின் தரை மேலேறியதால்தான் எவரெஸ்ட் உச்சியில் சுண்ணாம்புப் பாறை இருக்கிறது.

மணலில் ஈரம் இருந்தால் பிளவு சாய்வாக விழாது, கட்டி கட்டியாகப் பெயரும். பலகை ஓரத்தில் இடைவெளி இருந்தால் மணல் பின்னால் ஒழுகிவிடும். பலரும் சறுக்குவது இந்த இரண்டில்தான்.

ஆடி 12

குடகு மலையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலை மோதலில் மடிந்ததல்ல. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்து போனபோது இந்தியாவின் மேற்கு விளிம்பு உயர்ந்து நின்றது, நிலம் கிழக்கே சரிந்தது. அரபிக்கடல் அருகிலேயே இருக்க, தலைக்காவிரியில் பிறந்த ஆறு சுமார் 800 கி.மீ. கிழக்கே ஓடி நம்மிடம் வருவது அந்தச் சரிவால்தான்.

ஆடி 15

கொல்லிமலையின் சார்னோகைட் பாறை, அதாவது கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிறக்கும் ஒரு வகைக் கருங்கல், உருவானது தரைக்குக் கீழே 20 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில். இன்று அதன்மேல் பஸ் போகிறது. மேலிருந்த அத்தனை பாறையும் எங்கே?

பரிசலில் இருந்து மூட்டையை இறக்கினால் பரிசல் மேலே வரும். மலையும் அப்படித்தான். பூமியின் மேலோட்டுப் பாறை ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.7 கிராம், கீழே உள்ள கனத்த பாறை 3.3 கிராம். மழையும் ஆறும் 100 மீட்டர் அரித்தால் அடியிலிருந்து 82 மீட்டர் எழுந்துவிடும். உயரம் குறைவது 18 மீட்டர்தான். மலை சீக்கிரம் கரைந்து தீராததன் காரணம் இது. எனக்கு இந்தக் கணக்கு ஒவ்வொரு முறையும் வியப்புத்தான்.

ஆடி 18

பெருக்கு. படித்துறையில் ஒரு பிடி மணல் எடுத்துக் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை குவார்ட்ஸ், மினுக்கும் மைக்கா, கருமணல் பொடி. காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மணலில் ஓட்டினால் மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஒட்டும். பையை உருவினால் தானே உதிரும். பை இல்லாமல் ஓட்டினால் காந்தத்தைச் சுத்தம் செய்யவே முடியாது.

இது மேட்டிலிருந்து இறங்கிய மலை. ஆனால் குடகிலிருந்து வரும் மணலை இப்போது கிருஷ்ணராஜ சாகரும், 1934இல் முடிந்த மேட்டூர் அணையும் பிடித்து வைக்கின்றன. கொள்ளிடத்தில் அள்ளும் மணலில் பெரும்பகுதி அணைகள் கட்டுவதற்கு முன்பே வந்து சேர்ந்தது.