கமடோர் 64-இன் கெர்னல் சிப்பை மாற்றிய அனுபவம்

கமடோர் 64-ஐ ஆன் செய்ததும் நீலத் திரையில் வரும் வரவேற்பு வரிகள், விசைப்பலகையைக் கவனிக்கும் வேலை, டிஸ்க் டிரைவுடன் பேசும் வேலை எல்லாம் கெர்னல் எனப்படும் 8 கிலோபைட் ரோம் (படிக்க மட்டுமே முடிகிற நினைவகம்) சிப்பில் இருக்கின்றன. 1982-இல் வந்த கம்ப்யூட்டர் அது. கேசட்டில் புரோகிராம் வைத்திருந்த காலம் என்பதால், வெறுமனே லோட் என்று அடித்தால் கேசட்டைத்தான் தேடும். என்னிடம் கேசட் டிரைவ் இல்லை. எஸ்டி கார்டை டிஸ்க் டிரைவாகக் காட்டும் சின்னக் கருவி மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கின் எண்ணைச் சேர்த்து கமா, 8 என்று அடித்து அலுத்துப்போனதால், ரோமிலேயே கைவைப்பது என்று முடிவெடுத்தேன்.

வேகம் வேண்டுமென்றால் 1980களிலிருந்தே ஜிஃபிடாஸ் என்ற மாற்றுக் கெர்னல் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிப் போடலாம், நல்ல சரக்கு. எனக்கு வேண்டியதோ என் பழக்கத்துக்கு ஏற்ற சில மாற்றங்கள். அதோடு, அசல் கெர்னலும் ஒரு சுவிட்சைத் தட்டினால் திரும்பி வர வேண்டும்.

சிப்பைத் தொடுவதற்கு முன்பே கெர்னலை நகல் எடுத்துவிட்டேன். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பேசிக் மொழியில் ஒரு சிறு லூப் போதும்: நினைவகத்தின் 57344 முதல் 65535 வரையிலான இடங்களை ஒவ்வொரு பைட்டாகப் பீக் செய்து (அதாவது படித்து) ஃபைலில் எழுத வேண்டும். மெதுவாகத்தான் நடக்கும். கெர்னலில் பல பதிப்புகள் உண்டு. 65408-ஐப் பீக் செய்தால் எனக்கு 3 வந்தது, அதாவது 901227-03 என்ற எண்ணுள்ள பதிப்பு. கீழே சொல்லும் இடங்கள் இந்தப் பதிப்புக்கானவை. வேறு பதிப்பு என்றால் பழைய மதிப்பு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஃபைலின் முதல் பைட்டை 0 என்று வைத்து எண்ணினால், 474-ஆம் இடத்தில் 1 இருக்கும். அது கேசட்டின் எண். அதை 8 ஆக்கினால் டிஸ்க். 3289 திரை ஓரத்தின் நிறம், 3290 பின்னணி, 1333 எழுத்தின் நிறம். முதல் இரண்டையும் 0 ஆக்கிக் கருப்பாக்கினேன். எழுத்துக்கு 13, வெளிர்பச்சை. வரவேற்பு வரியில் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே உள்ள பெயருக்கு 21 எழுத்து இடம். அங்கே ரோமன் எழுத்தில் வணக்கம் என்று எழுதி, மீதியை வெற்றிடத்தால் நிரப்பினேன். நீளம் மட்டும் ஒரு பைட்கூட மாறக் கூடாது. மாறினால் பின்னால் உள்ள எல்லாமே நகர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் 3303-இல் இருக்கிறது. ஷிஃப்டோடு ரன்-ஸ்டாப் விசையை அழுத்தினால் லோட், என்டர், ரன், என்டர் என்று 9 பைட்டுகளைக் கெர்னல் தானே அடித்துக்கொள்ளும். கேசட்டுக்கு அது சரி. டிஸ்க்குக்கு ஃபைல் பெயர் இல்லையென்றால் பிழைச் செய்தி வரும். கூடுதலாக ஒரு பைட் போடவும் இடமில்லை. ஆனால் லோடுக்குச் சுருக்கம் உண்டு: எல், ஷிஃப்ட் ஓ. அதன்பின் மேற்கோள் குறி, நட்சத்திரம், என்டர். மூடும் மேற்கோள் தேவையில்லை. பழைய 5 பைட் இருந்த இடத்தில் 76, 207, 34, 42, 13 என்று கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இப்போது ஒரே அழுத்தலில் டிஸ்க்கின் முதல் புரோகிராம் ஓடுகிறது. கடைசியில் கமா 1 கேட்கும் மெஷின் கோடு புரோகிராம்களுக்கு மட்டும் முழுதாக அடித்தே ஆக வேண்டும்.

அடுத்து சிப். அசல் 2364 ரோமுக்கு 24 கால்கள். நான் எடுத்த டபிள்யூ27சி512-க்கு 28 கால்கள். மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம் என்பதால் புற ஊதா விளக்கு தேவையில்லை. இரண்டையும் கீழ் முனை ஒட்டி வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கால்கள் நேருக்கு நேர் வரும். இடம் மாறுபவை மூன்றுதான். நடுவே ஒரு அடாப்டர் வைத்து, அசல் சிப் இருந்த சாக்கெட்டின் 18-ஆம் கால் புதிய சிப்பின் 23-க்கும், 21 புதியதின் 2-க்கும், 24-இல் வரும் 5 வோல்ட் 28-க்கும் போக வேண்டும். சாக்கெட்டின் 20 சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கால். அதைப் புதியதின் 20, 22 இரண்டுக்கும் கொடுத்தேன். மிஞ்சும் 1, 26, 27 ஆகியவை 64 கிலோபைட்டில் எந்த 8 என்று முடிவு செய்பவை. 1-ஐயும் 27-ஐயும் கிரவுண்டில் (0 வோல்ட்) கட்டிவிட்டு, 26-ஐ 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டில் வைத்து, சுவிட்ச் போட்டால் கிரவுண்டுக்கு இறங்குமாறு செய்தேன். சிப்பில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்: 26 கிரவுண்டில் இருந்தால் அசல் கெர்னல், 5 வோல்ட்டில் இருந்தால் என்னுடையது.

என் கம்ப்யூட்டரின் போர்டு எண் 250425. கெர்னல் யூ4 இடத்தில், நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கால்களை வெட்டி எடுத்தால் வேலை சுலபம். ஆனால் அசல் சிப்பை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. பழைய ஈயத்தின் மேல் புது ஈயம் கொஞ்சம் வைத்து உருக்கி, பம்பால் ஒவ்வொரு காலாக உறிஞ்சினேன். 12-ஆம் கால் கிரவுண்ட். பெரிய செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அங்கே பொறுமை இல்லையென்றால் போர்டின் தடமே உரிந்து வரும். எடுத்த இடத்தில் சாக்கெட்டைப் பற்றவைத்து, பக்கத்துக் கால்கள் ஒட்டவில்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்தேன். பிற்காலத்துச் சிறிய போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த அடாப்டர் வேலையே கிடையாது: பேசிக்கும் கெர்னலும் சேர்ந்த 28 கால் சிப் அதில் இருக்கிறது, எழுதக்கூடிய 27128 சிப் நேரே பொருந்தும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கமடோரின் பழைய பவர் சப்ளையில் 5 வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டால் மின்னழுத்தம் ஏறும். முதலில் ராம் சிப்கள் போகும். நான் புதிதாக வாங்கிய பவர் சப்ளையைக்கூட அளந்த பிறகே மாட்டினேன். சாக்கெட்டின் 24-இல் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்துத்தான் சிப்பை அழுத்தினேன்.

கருப்புத் திரையில் பச்சை வணக்கம் வந்தபோது கத்தியே விட்டேன்.

கெர்னல் சுவிட்சைக் கம்ப்யூட்டரை அணைத்த நிலையில் மட்டும் மாற்றுகிறேன். ஓடும்போது மாற்றினால் பிராசஸர் படித்துக்கொண்டிருக்கும் கட்டளை நடுவிலேயே வேறாகிவிடும். கெர்னல் அப்படியே அசலாக இருக்கும் என்று நம்பி எழுதிய பழைய புரோகிராம்களுக்கு அசல் பக்கம்.

அடுத்தது எழுத்து ரோம். 4 கிலோபைட்டில் 512 வடிவங்கள், ஒவ்வொன்றும் 8-க்கு 8 புள்ளி. அதன் கால் வரிசை வேறு, தனி அடாப்டர் வேண்டும். ஷிஃப்டில் வரும் கோட்டு வடிவங்களின் இடத்தில் தமிழை வைக்கிறேன். க, ட, ப எல்லாம் ஒரு கட்டத்தில் அடங்கிவிட்டன. ண, ஞ இரண்டும் அடங்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் பிரித்து வரைந்துகொண்டிருக்கிறேன்.